பீலிக்கரையில் ஒரு கோடு

கீழ் லயம்,
ஊசிமலைத் தோட்டம்,
டயகம.
11.2.1962

அன்புள்ள மச்சானுக்கு,

நாகலெட்சுமி எழுதுகிறேன். நானும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். வயிற்றில் இருப்பது எங்கள் இருவரையும்விடச் சுகம். நேற்று மலையில் கொழுந்து எடுக்கும்போது உதைத்த உதையில் தேயிலை நிரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் பிள்ளை அல்லவா, சொன்ன பேச்சைக் கேட்குமா? உங்களுக்கு இருமல் எப்படி இருக்கிறது? இந்தக் குளிரில் கிடக்கிற எங்களுக்கே இருமல் இல்லை, கொழும்பு வெயிலில் உங்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? கடைச்சாப்பாட்டைக் குறையுங்கள் என்றால் கேட்கிற ஆளா நீங்கள்.

உங்கள் கடிதம் வந்ததும் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். நம் தோட்டத்தின் நிலப்படம் நீங்கள் பிரதி எடுக்கிற மேசைக்கே வந்துவிட்டது என்றதும் அவர்களுக்கு வாயெல்லாம் பல். நம்ம வீட்டுக் காம்பரா அதுல தெரியுதான்னு கேளு என்று என்னை ஒரே பிடுங்கல். அதற்கு அடுத்த வரியை வாசித்தபோது எனக்குத்தான் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. படத்தில் மேல் லயத்து வீட்டு வரிசையும் கீழ் லயத்து வீட்டு வரிசையும் ஒரே நிறமாம். 'எல்லோரும் ஒரே பீலியில் தண்ணீர் எடுக்கிறார்கள், சாதி வித்தியாசம் இல்லை' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறதாம். நான் கொழும்புக்கு வந்த பிறகு தோட்டம் திருந்திவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், நீங்கள் பஸ் ஏறட்டும், உடனே திருந்திவிடலாம் என்றுதான் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள்!

நடந்ததைச் சொல்கிறேன். பொங்கல் முடிந்த கையோடு உங்கள் ஆபீஸ் தம்பிராசா ஐயா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், குளிருக்குக் கழுத்தில் இரண்டு மப்ளர் சுற்றியிருந்தார். நம் தோட்டத்துக்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கும் சேர்த்துக் குழாய்த் தண்ணீர் வரப்போகிறது, யார் எங்கே குடியிருக்கிறார்கள், யார் யாரோடு புழங்குகிறார்கள் என்று படம் போட்டுக்கொண்டால்தான் குழாயை எங்கே வைப்பது என்று தெரியும் என்று தேயிலை ஸ்டோர் வாசலில் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார். மறைக்காமல் கேட்டார் மச்சான். தண்ணீர் எடுக்கிற இடம் வேறு வேறா, கோயிலுக்குள் வருவதில் பாகுபாடு உண்டா என்று நேராகவே கேட்டார்.

பதில் சொன்னது யார் தெரியுமா? என் அப்பா பழனியாண்டிக் கங்காணிதான். கோட்டும் தலைப்பாகையுமாக முன்னால் வந்து நின்று, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, இங்க எல்லாரும் ஒரு தாய் பிள்ளைங்க மாதிரி, ஒரே பீலிதானுங்க என்று சொன்னார். எனக்குக் காது இரண்டும் பற்றி எரிந்தது. ஒரு தாய் பிள்ளைகளாம்! கீழ் லயத்துக்கு வாழ்க்கைப்பட்டேன் என்று பெற்ற பிள்ளையோடு பேசி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, இதில் ஊரெல்லாம் பிள்ளைகள்.

அப்பா சொன்னதில்கூட ஆச்சரியமில்லை. நம் கீழ் லயத்து ஆண்கள் இருக்கிறார்களே, சின்னராசா அண்ணன் முதற்கொண்டு ஒருவர் பாக்கியில்லாமல், ஆமாங்க, ஆமாங்க என்று தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அத்தையிடம் சண்டை பிடித்தேன். ஏன் அத்தை, ஒருத்தருக்காவது வாய் திறக்க வரவில்லையா என்றேன். வெளியூர் ஆளுக்கு முன்னால நம்மள ஒதுக்கி வச்சிருக்காங்கன்னு நாமளே சொன்னா நம்ம மானம் என்னாவுறது தாயி என்றார்கள். அத்தை சொன்னதும் சரிதான் போலிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபம். ஒதுக்கியவர்களும் வெட்கப்படுகிறார்கள், ஒதுக்கப்பட்டவர்களும் வெட்கப்படுகிறார்கள், படம் மட்டும் பார்க்க அழகாக வந்திருக்கிறது.

இந்த வெயிலில் நம் பீலியில் ஊற்றுத் தண்ணீர் விரல் தடிமனுக்குத்தான் விழுகிறது. ஒரு குடம் நிறைவதற்குள் அடுப்பு அணைந்துவிடுகிறது. அதனால் மேல் பீலிக்குப் போய், குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, யாராவது ஊற்றுவார்களா என்று நிற்கிறோம். நான் பாவாடை நனைய ஆடிய பீலி அது. என்னோடு பள்ளிக்கூடம் போன மீனம்மாதான் இப்போது என் குடத்தில் படாமல் உயரத் தூக்கி ஊற்றுகிறாள். பாவம், அவளுக்கும் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அம்மா அங்கே இருந்தால் அம்மா ஊற்றும். பேசாது. ஆனால் கழுத்துவரை நிரப்பிவிடும், நான் தூக்க முடியாமல் பாதியைக் கொட்டிவிட்டு வருவேன்.

மச்சான், நீங்கள் எழுதியதில் என்னைக் கவலைப்பட வைத்தது வேறொன்று. நம் கீழ் ஊற்றைக் கட்டிப் பெரிய தொட்டியில் சேர்க்கப்போகிறார்கள் என்றும், தோட்டத்துக்கான குழாயை மேல் லயத்துக் கோயிலடியில் வைக்கப்போகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்களே, அது. அப்படியானால் இருக்கிற பீலியும் நமக்குப் போய்விடும். பிறகு மழையென்றாலும் வெயிலென்றாலும் ஊற்றுகிற கைக்காகக் காத்து நிற்க வேண்டியதுதான். நம் பிள்ளையும் கையில் சொம்போடு அங்கேதான் நிற்கும்.

நம்மையும் கிராமத்தையும் பிரித்து ஆற்றோரமாகச் சிவப்பில் தடித்த கோடு போட்டிருக்கிறார்கள் என்றீர்களே, அதைக் கேட்டுத்தான் அத்தையும் நானும் சிரித்தோம். கிராமத்துச் சோமாவதி அக்கா கீரைக்கட்டோடு வந்தால் நம் வாசல் இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்து, நம் கோப்பையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, எனக்குப் புளிப்பாக எதையாவது மடியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். எனக்கு அவர் பேச்சு பாதி விளங்காது, அவருக்கு என் பேச்சு பாதி விளங்காது. கோடு இல்லாத இடத்தில் கோடு இருக்கிறது, இருக்கிற இடத்தில் ஒன்றையும் காணோம்.

நீங்களாக அந்தப் படத்தில் கை வைக்காதீர்கள். தற்காலிக வேலை, போனால் போனதுதான். தம்பிராசா ஐயாவிடம் வாயால் சொல்லுங்கள். அப்பா பேரைச் சொல்லாமல் சொல்ல முடியுமா என்று பாருங்கள். எவ்வளவு கோபம் இருந்தாலும், அவரை ஒருவர் பொய்யர் என்று சொல்லக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. இரவில் காதைக் கட்டிக்கொண்டு படுங்கள்.

உங்கள்
நாகலெட்சுமி


கீழ் லயம்,
ஊசிமலை.
2.3.1962

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதமும் நல்லெண்ணெய்ப் போத்தலும் கிடைத்தன. போத்தலைச் சுற்றியிருந்த உங்கள் பழைய சட்டையை அத்தை துவைக்கக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். மகன் வாசம் போய்விடுமாம். எனக்கும் அதே எண்ணம்தான், ஆனால் மருமகள் வெளியே சொல்ல முடியுமா?

தம்பிராசா ஐயா கோபப்படாமல் கேட்டுக்கொண்டார் என்று எழுதியிருந்தீர்கள். சனங்கள் சொன்னதைத்தான் நான் எழுதினேன், இன்னொரு தடவை வருகிறேன், அந்த இடத்து ஆட்கள் யாராவது என் முன்னால் வேறு மாதிரிச் சொன்னால் மாற்றி எழுதுகிறேன் என்று அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் யார் சொல்வது? சின்னராசா அண்ணனைக் கேட்டேன். கங்காணி அப்புறம் என்னைச் செங்குத்து மலைக்குத்தான் வேலைக்கு அனுப்புவார் என்றார். இன்னொருவர், படம் எடுக்கிறேன், கணக்கு எடுக்கிறேன் என்று வருகிறவர்கள் எல்லாம் கடைசியில் நம்மை இந்தியாவுக்குக் கப்பலேற்றத்தான் வருகிறார்கள், வாயைத் திறக்காதே என்றார். அந்தப் பயத்தை நான் எதைச் சொல்லி மாற்றுவது?

அத்தை மட்டும், அந்த ஐயாவும் தண்ணிய வீட்டுலேர்ந்து போத்தல்ல கொண்டாந்துதானே குடிச்சாரு, அவரு ஊருல சாதிக்கு ஒண்ணா எத்தனை கிணறுன்னு யாரு போய்ப் படம் போட்டாங்க என்று கேட்டார்கள். இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

யாரும் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கே இன்னும் தெரியாது. நீங்கள் அங்கே இருந்து பயப்பட்டு எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
நாகு


கீழ் லயம்,
ஊசிமலைத் தோட்டம்.
18.3.1962

அன்புள்ள மச்சானுக்கு,

முதலில் இதைப் படியுங்கள்: நான் நன்றாக இருக்கிறேன், பிள்ளை நன்றாக இருக்கிறது, யாரும் யாரையும் அடிக்கவில்லை. சின்னராசா அண்ணன் முந்திக்கொண்டு உங்களுக்கு எதையாவது எழுதியிருந்தால் அதில் பாதியை நம்ப வேண்டாம்.

தம்பிராசா ஐயா புதன்கிழமை வந்தார். மேல் பீலிக்கரையில் துணி துவைக்கிற கல்லின் மேல் படத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். அப்பா பக்கத்தில், அவரைச் சுற்றி மேல் லயத்து ஆட்கள். நம் ஆட்கள் தள்ளி, இரண்டு லயத்துக்கும் நடுவில் ஓடுகிற கானுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். ஐயா பழைய கேள்வியையே மறுபடி கேட்டார். அப்பா பழைய பதிலையே சொன்னார். நம் ஆட்கள் பழையபடி தலையாட்டினார்கள்.

நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கானைத் தாண்டினேன். யோசித்துச் செய்தேனா என்று கேட்டால், ஆமாம், ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்தேன். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே விலகினார்கள். மீனம்மா பிள்ளையை இழுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டாள். தான் வழிவிட நான் காத்து நிற்கிறேன் என்று தம்பிராசா ஐயா நினைத்துவிட்டார். நீர் வந்து தண்ணியைப் பிடியும் பிள்ளை, நான் தள்ளி நிக்கிறன் என்று படத்தைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கினார்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். பிடிக்காதே என்றால் அவர் இவ்வளவு நேரம் சொன்னது பொய். பிடி என்றால் அவர் கட்டிக் காத்தது போச்சு. அப்பா முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரத்தில் எனக்கு, ஐயோ, இந்த மனிதரை இப்படி நிறுத்திவிட்டோமே என்றுதான் இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்பா வந்து என் கையிலிருந்து குடத்தை வாங்கினார். வாங்கி, பீலியில் வைத்து, அவரே பிடித்தார். தம்பிராசா ஐயாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உங்கட மகளோ, பிள்ளைத்தாய்ச்சிக்குத் தகப்பன் தண்ணி பிடிச்சுக் குடுக்கிறதைப் பாக்க எவ்வளவு வடிவா இருக்கு என்றார். மச்சான், அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், மேல் லயத்துக் கை கீழ் லயத்துக் குடத்துக்கு ஊற்றுகிற அதே வழக்கம்தான் அது. அவருக்கு மட்டும் அது பாசமாகத் தெரிந்தது. பாசம் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. குடத்தின் வாயை அப்பா புறங்கையால் துடைத்தார். சின்ன வயதில் எனக்குத் தண்ணீர் பிடித்துத் தரும்போதும் அப்படித்தான் துடைப்பார்.

பாகுபாடு இல்லை என்று எழுத ஐயா பென்சிலை எடுத்துவிட்டார். இனியும் பேசாவிட்டால் எல்லாம் முடிந்தது. நான் வாயைத் திறந்தேன். ஐயா, இது எங்க அப்பாதான், ஆனா இந்தப் பீலியில நான் கை வைக்கக் கூடாது, ஏன்னு அவருகிட்டயே கேளுங்க என்றேன். அழுகைதான் வந்தது.

ஐயா கேட்கவில்லை. அவர் அப்பாவை ஒரு தடவை பார்த்தார், பிறகு கீழே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர் என்று சொன்னேனே. குடம் நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. யாருக்கும் அதை எடுக்கத் தோன்றவில்லை. கடைசியில் அப்பாதான் எடுத்தார். எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு நேரே கானோரத்துக்குப் போனார். எழுதிக்கங்க ஐயா என்றார். நான் மொதல்ல சொன்னது சரியில்லீங்க. இந்தக் கானோட சரி. இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அவங்க. எம் மக அந்தப் பக்கம்.

எம் மக என்றார் மச்சான். நாம் மாலை மாற்றிக்கொண்ட நாளிலிருந்து அவர் வாயில் வராத வார்த்தை. அதைச் சொல்ல அந்தக் கோடு வேண்டியிருந்தது அவருக்கு. எனக்குச் சந்தோஷமா துக்கமா என்று நீங்களே சொல்லுங்கள், எனக்கு இன்னும் தெரியவில்லை.

அப்படியானால் குழாயை எங்கே வைப்பது என்று ஐயா மெதுவாகக் கேட்டார். அவங்களுக்கும் ஒண்ணு வைங்க, கீழ இருக்குற ஊத்த மூடாதீங்க, வெயில் காலத்துல புள்ளைங்க செரமப்படுதுங்க என்றார் அப்பா. எல்லாரும் இங்கேயே வந்து பிடிக்கட்டும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன், சொல்லவில்லை. சின்னராசா அண்ணனுக்கு அப்போதுதான் தைரியம் வந்தது. ஊற்று எங்கே, தொட்டி எங்கே கட்டலாம், குழாய் எந்த முடுக்கில் நின்றால் நல்லது என்று ஐயாவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போனார். இப்போது அவர் சொல்வதைக் கேட்டால் எல்லாவற்றையும் பேசி முடித்ததே அவர்தான் என்று தோன்றும்.

அப்பா குடத்தோடு கானைத் தாண்டி நம் இஸ்தோப்பு வரைக்கும் வந்தார். குடத்தை இறக்கி வைத்தார். அத்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பலகையை எடுத்துப் போட்டு, நல்ல கோப்பையாகத் தேடி எடுத்துத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார்கள். அப்பா இப்பத்தான் குடிச்சேன் என்றார். உட்காரவும் இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கனம் தூக்காத என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தத் தேத்தண்ணியை அத்தை ஆற விடாமல் எனக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் முகம் வாடியதை நான் பார்க்காத மாதிரி குடித்தேன்.

இரண்டு நாள் கழித்து அம்மா வந்தது. மலையில், காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற வழியில் என்னைப் பிடித்துக்கொண்டது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் ஆக வேண்டும், அப்பா சரி என்று சொல்லிவிட்டார், மாசம் ஆனதும் வந்துவிடு என்றது. எனக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, கட்டிக்கொண்டேன். பிறகு கேட்டேன், பிள்ளையைப் பார்க்க எங்க அத்தை வந்தால் உள்ளே விடுவீங்களா என்று. அம்மா கூடைக் கயிற்றைச் சரிசெய்யத் தொடங்கியது. எனக்கு இடுப்புச் சுளுக்கு எடுத்துவிட்டு, வாய்க்கு ருசியாக ஆக்கிப் போட்டு, நான் தூங்கும்வரை காலைப் பிடித்துவிடுகிற அத்தை, பேரப்பிள்ளையை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதா? அதனால் நான் வரவில்லை அம்மா, இங்கேயே பெற்றுக்கொள்கிறேன், நீ வா, உனக்கு எங்கள் வீட்டில் எந்த வாசலும் அடைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க அழுதேன். அம்மாவும் அழுதிருக்கும். அப்பாவிடம் சொன்னதா, அவர் என்ன சொன்னார், ஒன்றும் தெரியவில்லை.

மச்சான், இனி உங்கள் வேலை. படம் திரும்ப உங்கள் மேசைக்குத்தான் வரும், அந்தக் கோட்டை நீங்கள்தான் மையில் போட வேண்டும் என்று தம்பிராசா ஐயா சொன்னார். உங்கள் மனசு எனக்குத் தெரியும். நம்மை நாமே பிரித்து எழுதுவதா என்று பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். போடுங்கள். போடாவிட்டால் இந்தப் பக்கம் தண்ணீர் வராது. எங்கே அப்பா கையைக் காட்டினாரோ அங்கேயே, அழுத்தமாகப் போடுங்கள்.

போட்டு முடித்த கையோடு லீவு கேட்டுக்கொண்டு வாருங்கள். எனக்கு நாள் நெருங்குகிறது, பயமாகவும் இருக்கிறது. இத்தனை பேருக்கு முன்னால் வாய் பேசியவளுக்கு என்ன பயம் என்று கேட்காதீர்கள், இருக்கிறது. அத்தை உங்களுக்கு ஆயுசு நூறு என்று சொல்லச் சொன்னார்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

கல்யாணம் ஆன நாள் முதல் நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஸ்டோரைச் சுற்றிக்கொண்டு புல்லுக்காட்டு வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறீர்கள். இந்தத் தடவை அப்படி வர வேண்டாம். பட்டப்பகலில், மேல் லயத்து ரோட்டால், அப்பா வீட்டு வாசலைத் தாண்டி வாருங்கள். நான் பஸ்ஸடிக்கு வந்து நிற்பேன், இரண்டு பேருமாக நடப்போம். என்னை எந்தப் பக்கம் என்று அப்பா சொல்லிவிட்டார். நம் பிள்ளையை யாரும் எந்தப் பக்கமும் இன்னும் சொல்லவில்லை. அவர்கள் சொல்வதற்குள் வந்துவிடுங்கள் மச்சான்.

வழி பார்த்திருக்கும்
உங்கள் நாகலெட்சுமி